எஞ்சிய 32 ஆட்டங்கள்

வெற்றி கிட்டும் என்ற நம்பிக்கை உள்ளபோது உழைப்பது எளிது. தோல்வி ஏறக்குறைய உறுதியாகிவிட்ட பின்னும், நேற்றுப் போலவே இன்றும் எழுந்து, கருவிகளைத் துடைத்து வைத்து, வேலைக்குப் புறப்படுவதே அரிது. அத்தகைய நாள்கள் எல்லாக் குடும்பங்களிலும் வருகின்றன. கடன் ஏறிய வீட்டிலும், நோய் நீடித்த வீட்டிலும், தேர்வில் தவறிய பிள்ளை இருக்கும் வீட்டிலும், "இனி முயன்று என்ன பயன்?" என்ற கேள்வி ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறது.

அந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த ஒரு விளையாட்டுக் குழுவின் வரலாற்றை இங்கே காண்போம். 2011ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் நடந்தது இது. அக்குழு இறுதிச் சுற்றுகளிலிருந்து விலக்கப்படும் விளிம்பில் ஒருமுறையன்று, பலமுறை நின்றது. அது மீண்ட விதத்தில் வியப்பும் உண்டு, படிப்பினையும் உண்டு. அதனிடம் தோற்றவர்களின் வரலாற்றிலோ, அதனினும் ஆழ்ந்த படிப்பினை உண்டு என்பது நம் கருத்து.

ஊரும் பெயரும்

மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில், மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகர் உள்ளது. பிரெஞ்சு வணிகர்கள் 1764ஆம் ஆண்டில் அதனை நிறுவி, பிரான்சு நாட்டு மன்னராயிருந்து புனிதராக உயர்த்தப்பட்ட 9ஆம் லூயியின் பெயரைச் சூட்டினர். அந்நகரின் பேஸ்பால் குழுவுக்குச் 'செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ்' என்பது பெயர்.

இப்பெயரைக் கேட்டவுடன் நம் வாசகர்களுக்குத் திருச்சபையின் கர்தினால்மார்களே நினைவுக்கு வருவர். குழுவுக்கு அப்பெயர் நேரே அவர்களிடமிருந்து வந்ததன்று. ஏறத்தாழ 1900ஆம் ஆண்டு அளவில் குழுவினரின் சீருடையில் ஆழ்ந்த சிவப்பு நிறம் சேர்க்கப்பட்டது. கர்தினால்மாரின் அங்கி நிறத்தைக் கொண்டு 'கார்டினல் சிவப்பு' என்று பெயர் பெற்ற நிறம் அது. ஆட்டம் காண வந்த ஒரு பெண்மணி அந்நிறத்தின் அழகை வியந்து பேசினாராம். அதனைச் செவிமடுத்த செய்தியாளர் ஒருவர் அந்தச் சொல்லையே தம் பத்திரிகையில் குழுவின் பெயராக எழுதினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதே நிறத்தால் பெயர் பெற்ற சிறு பறவை ஒன்றும் அந்நாட்டில் உண்டு. 1922 முதல், மட்டையொன்றின் மேல் அமர்ந்த இரு சிவப்புப் பறவைகள் அக்குழுவின் சின்னமாயின. 2011க்கு முன்பே அக்குழு நாட்டின் மிக உயர்ந்த போட்டியான 'உலகத் தொடரை' 10 முறை வென்றிருந்தது.

ஆட்டத்தின் இயல்பு

கிரிக்கெட் ஆட்டத்தை அறிந்தவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டத்தை விளங்கிக் கொள்வது கடினமன்று. ஒரு பக்கத்துக்கு 9 பேர், 9 இன்னிங்ஸ்கள். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரு குழுக்களும் ஒருமுறை மட்டை பிடிக்கும். 3 பேர் ஆட்டமிழந்தால் அந்த முறை முடிந்தது. பந்து தரையில் பட்டு எழும்பி வருவதில்லை. மேட்டின்மேல் நிற்பவர் நேரே மட்டையாளரை நோக்கி எறிவார். நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலும், வீசி அடிக்கத் தவறினாலும் 'ஸ்டிரைக்'. 3 ஸ்டிரைக் ஆனால் ஆட்டமிழப்பு. தவறான பந்துகள் 4 வந்தால் மட்டையாளர் தாமாகவே முதல் தளத்துக்குச் செல்லலாம். சதுரத்தின் நான்கு மூலைகளிலும் உள்ள தளங்களைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்தை அடைந்தால் 1 ஓட்டம். எல்லைச் சுவரைத் தாண்டி அடித்தால் அது 'ஹோம்ரன்'.

இந்த ஆட்டத்தில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. நாம் சொல்லவிருக்கும் வரலாறு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ஆட்டத்தை முடித்துவைக்கும் கடிகாரம் இதில் இல்லை. கால்பந்தில் முன்னணியில் உள்ள குழு பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தி வெல்லலாம். பேஸ்பாலில் அது இயலாது. எத்தனை ஓட்டங்கள் முன்னே இருந்தாலும், எதிரியின் கடைசி மட்டையாளருக்கும் பந்தை எறிந்தே ஆகவேண்டும்; அவருடைய மூன்றாவது ஸ்டிரைக்கையும் உழைத்தே பெறவேண்டும். சமநிலையில் ஆட்டத்தை முடிக்கும் வழக்கமும் இல்லை. ஒருவர் வெல்லும்வரை இன்னிங்ஸ்கள் நீளும்.

மார்ச்சு இறுதி அல்லது ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் இறுதிவரை ஒவ்வொரு குழுவும் 162 ஆட்டங்கள் ஆடும். அநேகமாக நாள்தோறும் ஓர் ஆட்டம். நாட்டின் 30 குழுக்கள் இரண்டு லீகுகளாகவும், ஒவ்வொரு லீகும் மூன்று பிரிவுகளாகவும் வகுக்கப்பட்டுள்ளன. 2011இல் இருந்த விதிப்படி, ஒரு லீகில் பிரிவு முதல்வர்கள் மூவரும், எஞ்சியோரில் சிறந்த ஒரு குழுவும் மட்டுமே அக்டோபர் மாத இறுதிச் சுற்றுகளுக்குள் நுழையலாம். அந்த நான்காம் இடத்துக்கு 'வைல்டு கார்டு' என்று பெயர். 2012 முதல் அத்தகைய இடங்கள் கூட்டப்பட்டன. 2011இல் இருந்ததோ ஒன்றே ஒன்று.

ஆகஸ்டு 25இன் கணக்கு

2011 ஆகஸ்டு 25ஆம் நாளில் கார்டினல்ஸ் குழு 130 ஆட்டங்களை முடித்திருந்தது. வெற்றி 67; தோல்வி 63. முந்திய மூன்று நாள்களில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் குழுவிடம் சொந்த மைதானத்திலேயே மூன்று ஆட்டங்களையும் இழந்திருந்தது. பிரிவின் முதலிடத்தில் மில்வாக்கி நகரின் குழு எட்டாத தொலைவில் இருந்தது. எஞ்சியிருந்த ஒரே வாயில் அந்த நான்காம் இடம். அதில் அட்லாண்டா பிரேவ்ஸ் குழு 78 வெற்றி, 53 தோல்வி என்ற நிலையில் உறுதியாக அமர்ந்திருந்தது.

இந்த ஆட்டத்தில் பின்தங்கிய தொலைவைக் கணக்கிட ஒரு முறை உண்டு. வெற்றிகளில் உள்ள வேறுபாடு 11. தோல்விகளில் உள்ள வேறுபாடு 10. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 10½. ஆகவே கார்டினல்ஸ் குழு பத்தரை ஆட்டங்கள் பின்னே நின்றது. எஞ்சியிருந்தவையோ 32 ஆட்டங்கள்.

இந்நிலை சோம்பலால் வந்ததன்று. அந்த ஆண்டு அடிமேல் அடியாக விழுந்திருந்தது. முதன்மைப் பந்தெறிபவர்களுள் ஒருவரான ஆடம் வெயின்ரைட், பருவம் தொடங்குமுன்பே, பிப்ரவரி மாதத்தில், முழங்கைத் தசைநார் பழுதுபட்டு அறுவைக்கு ஆளாகி, ஆண்டு முழுவதையும் இழந்தார். அக்காலத்தின் மாபெரும் மட்டையாளர் ஆல்பர்ட் புஹோல்ஸ் ஜூன் மாதத்தில் இடக்கையில் எலும்பு முறிவுற்றார். மூன்றாம் தளத்தைக் காத்த இளைஞர் டேவிட் பிரீஸ் மே மாதத் தொடக்கத்தில் பந்து தாக்கிக் கை எலும்பு முறிந்து, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வெளியே இருந்தார். மூத்த பந்தெறிபவர் கிறிஸ் கார்ப்பென்டரோ முதல் மாதங்களில் 1 வெற்றிக்கு 7 தோல்வி என்று தடுமாறியிருந்தார்.

பாதி தம் கையில், பாதி பிறர் கையில்

இங்கே ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். கார்டினல்ஸ் குழு எஞ்சிய 32 ஆட்டங்களில் 23ஐ வென்றது. 9ஐ மட்டுமே இழந்தது. பெரும் சாதனைதான். ஆனால் அச்சாதனை மட்டும் அவர்களைக் கரைசேர்த்திருக்காது. அட்லாண்டா குழு தனக்கு எஞ்சிய 31 ஆட்டங்களில் 11ஐ மட்டுமே வென்று 20ஐ இழந்தது. அக்குழு இன்னும் இரண்டே ஆட்டங்களை வென்றிருந்தால், கார்டினல்ஸின் 23 வெற்றிகளையும் இன்று யாரும் பேசமாட்டார்கள்.

ஆகவே, அந்நாள்களில் செயின்ட் லூயிஸ் வீரர்களின் நிலை இதுதான்: பாதி தங்கள் கையில், பாதி, தாங்கள் தொடவே இயலாத பிறர் கையில். இந்நிலையில் மனிதன் செய்யும் தவறு இரண்டு வகை. தன் கையில் இல்லாத பாதியைப் பற்றிக் கவலைப்பட்டே தன் கையில் உள்ள பாதியையும் வீணாக்குவது ஒன்று. "எல்லாம் விதிப்படி நடக்கட்டும்" என்று தன் பாதியையும் கைகழுவி விடுவது மற்றொன்று. இக்குழு இரண்டையும் செய்யவில்லை. அன்றைய ஆட்டத்தை அன்றைக்கு ஆடியது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் முன்னோர் சொன்னதை, அம்மி நகர்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பாராமல் செய்தது.

செப்டம்பர் 9 முதல் 11 வரை அட்லாண்டா குழுவே செயின்ட் லூயிஸுக்கு வந்தது. மூன்று ஆட்டங்களிலும் கார்டினல்ஸ் வென்றது. இடைவெளி சுருங்கியது. நாடெங்கும் பேச்சு எழுந்தது.

எனினும் பாதை நேராக அமையவில்லை. செப்டம்பர் 22ஆம் நாள் நியூயார்க் மெட்ஸ் குழுவுக்கு எதிராக, கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது கார்டினல்ஸ் 6-2 என்று முன்னணியில் இருந்தது. ஒரே இன்னிங்ஸில் 6 ஓட்டங்களை விட்டுக்கொடுத்து 8-6 எனத் தோற்றது. பருவம் முடிய ஒரு வாரமே இருக்கையில், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமற் போன நாள் அது. அடுத்த நாளும் அவர்கள் மைதானத்துக்கு வந்தார்கள்.

செப்டம்பர் 27ஆம் நாள் ஹூஸ்டன் நகரில் 5-0 எனப் பின்தங்கியும் மீண்டு 13-6 என வென்றார்கள். அன்றே அட்லாண்டா தோற்றது. இப்போது இரு குழுக்களும் 89 வெற்றி, 72 தோல்வி. 161 ஆட்டங்கள் கழிந்தும் தராசு முள் நடுவில் நின்றது.

செப்டம்பர் 28ஆம் நாள் இரவு

கடைசி நாள். ஹூஸ்டனில் கார்ப்பென்டர் மேட்டின்மேல் ஏறினார். 1-7 என்று பருவத்தைத் தொடங்கிய அதே மனிதர், அன்று 9 இன்னிங்ஸ்களையும் தாம் ஒருவரே எறிந்தார். எதிர்க்குழு அவர் பந்தில் சரியாக அடித்தது இரண்டே முறை. எடுத்த ஓட்டம் ஒன்றுமில்லை. 8-0 என்று கார்டினல்ஸ் வென்றது. அத்துடன் அவர்கள் கையில் இருந்த பாதி முடிந்தது. உடைமாற்றும் அறையில் தொலைக்காட்சி முன் அமர்ந்து, மற்றப் பாதிக்காகக் காத்திருந்தனர்.

அட்லாண்டாவில் அந்நகரின் குழு பிலடெல்பியா பில்லீஸ் குழுவுடன் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் இன்னிங்ஸில் அட்லாண்டா 3-2 என முன்னணி. அவ்வாண்டின் தலைசிறந்த புதுமுகமாகப் பின்னர்த் தேர்ந்தெடுக்கப்பட்ட கிரெய்க் கிம்பரல் பந்தெறிய வந்தார். பருவம் முழுவதும் இத்தகைய 46 ஆட்டங்களைக் காத்துக்கொடுத்த அந்த இளைஞரின் கை, அன்று தடுமாறியது. யானைக்கும் அடி சறுக்கும் அன்றோ? ஆட்டம் சமனாகி, 13ஆம் இன்னிங்ஸ் வரை நீண்டது. அதில் பிலடெல்பியா 1 ஓட்டம் எடுத்தது. பதிலுக்கு அட்லாண்டாவின் கடைசி வாய்ப்பில், பிரெடி பிரீமேன் என்ற இளைஞர் தரையோடு அடித்த பந்தில் இருவர் ஒருங்கே ஆட்டமிழந்தனர். 4-3 எனப் பிலடெல்பியா வென்றது. அட்லாண்டாவின் பருவம் அந்தக் கணத்தில் முடிந்தது. 22 வயதே நிரம்பிய அந்தப் பிரீமேனை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். அவரிடம் மீண்டும் வருவோம்.

நேர்மையின் விலை

அன்றைய ஆட்டத்தால் பிலடெல்பியா குழுவுக்கு அடையவேண்டியது ஒன்றுமில்லை. பிரிவின் முதலிடத்தை அது நாள்கள் பலவற்றுக்கு முன்பே உறுதிசெய்துவிட்டது. அந்த வெற்றி அவர்களுக்கு 102ஆம் வெற்றி. லீகில் அத்தனை வெற்றி பெற்றவர் வேறு எவருமிலர். தம் வீரர்களை இளைப்பாறவிட்டு, ஆட்டத்தை ஒப்புக்கு ஆடி முடித்திருந்தாலும் எவரும் குறைகூறியிருக்க முடியாது. அவ்வாறு செய்யாமல் 13 இன்னிங்ஸ்கள் போராடினர்.

அதன் பயனாக அவர்களுக்குக் கிடைத்தது என்ன? அவர்கள் வெற்றியால் உள்ளே நுழைந்த கார்டினல்ஸ் குழுவே, இறுதிச் சுற்றின் முதற் கட்டத்தில் அவர்களுக்கு எதிரியாக வந்தது. ஐந்து ஆட்டத் தொடரில் பிலடெல்பியா 2-1 என முன்னேறியது. கார்டினல்ஸ் 2-2 ஆக்கியது. அக்டோபர் 7ஆம் நாள் ஐந்தாம் ஆட்டம். பிலடெல்பியாவுக்காக ராய் ஹாலடே; செயின்ட் லூயிஸுக்காகக் கார்ப்பென்டர். இருவரும் டொரான்டோ குழுவில் ஒன்றாக வளர்ந்த நெருங்கிய நண்பர்கள். முதல் இன்னிங்ஸில் கார்டினல்ஸ் எடுத்த ஒரே ஓட்டம், இறுதிவரை ஒரே ஓட்டமாக நின்றது. 1-0. கார்ப்பென்டர் மீண்டும் முழு ஆட்டத்தையும் எறிந்தார். பிலடெல்பியாவின் கடைசி மட்டையாளர் ரயன் ஹோவர்டு, பந்தை அடித்துவிட்டு ஓடும்போதே குதிகால் நரம்பு அறுந்து தரையில் வீழ்ந்தார்.

கடமையைச் செம்மையாகச் செய்தவர்க்கு அதுவே இடறலாய் முடிந்தது என்று சிலர் நகைக்கக்கூடும். நமக்கோ பிலடெல்பியா குழு அன்று செய்தது சரியே என்று தோன்றுகிறது. ஒப்புக்கு ஆடி ஓர் எதிரியை விலக்குவது வெற்றியைக் காக்கலாம், ஆட்டத்தைக் காக்காது. பொதுத் தேர்வு முடிந்த பின்னும் பள்ளிக்கு ஒழுங்காக வரும் மாணவனையும், ஓய்வு பெறும் நாளன்றும் கோப்புகளைச் சரிபார்க்கும் எழுத்தரையும் நாம் மதிப்பது இதனால்தான்.

இரண்டு முறை, ஒரே ஒரு பந்து

அடுத்த கட்டத்தில் மில்வாக்கி குழுவை 4-2 என வென்று, கார்டினல்ஸ் உலகத் தொடருக்குச் சென்றது. எதிரே டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் குழு. 1961இல் வாஷிங்டனில் தோன்றி, 1972இல் டெக்சாஸுக்கு இடம் மாறிய அக்குழு, தன் வரலாற்றில் ஒருமுறையேனும் உலகத் தொடரை வென்றதில்லை. முந்திய ஆண்டு இறுதிவரை வந்து தோற்றிருந்தது. ஏழு ஆட்டத் தொடரில் ரேஞ்சர்ஸ் 3-2 என முன்னே இருந்தது. இன்னும் ஒன்றே போதும்.

அக்டோபர் 27ஆம் நாள் செயின்ட் லூயிஸில் ஆறாம் ஆட்டம். 47,000க்கும் மேற்பட்ட மக்கள் திரண்டிருந்தனர். கார்டினல்ஸ் அன்று நன்றாக ஆடியது என்று சொல்வதற்கில்லை. தடுப்பாட்டத்தில் மூன்று பிழைகள். அவற்றுள் ஒன்று ஐந்தாம் இன்னிங்ஸில் நேர்ந்தது. வானோக்கி உயர்ந்து, நேரே தம் கையில் வந்து விழவேண்டிய எளிய பந்தொன்றை மூன்றாம் தளக் காவலர் டேவிட் பிரீஸ் தவறவிட்டார். பள்ளிச் சிறுவனும் பிடிக்கக்கூடிய பந்து. அதன் விளைவாக டெக்சாஸுக்கு ஓர் ஓட்டம் கிடைத்தது.

ஒன்பதாம் இன்னிங்ஸ். டெக்சாஸ் 7, செயின்ட் லூயிஸ் 5. இருவர் ஆட்டமிழந்துவிட்டனர், இருவர் தளங்களில் நின்றனர். மட்டை பிடிக்க வந்தவர் அந்தப் பிரீஸ்தான். டெக்சாஸின் நெப்டாலி பெலிஸ் எறிந்த பந்துகளில் இரண்டு ஸ்டிரைக். இன்னும் ஒரே ஒரு ஸ்டிரைக் விழுந்தால் உலகத் தொடர் டெக்சாஸுக்கு. அடுத்த பந்தைப் பிரீஸ் வலப்புற எல்லையை நோக்கி உயர அடித்தார். நெல்சன் குரூஸ் பின்னோக்கி ஓடி எம்பினார். பந்து அவர் கையுறைக்கு எட்டாமல் சுவரில் மோதியது. இரு ஓட்டங்கள். 7-7.

பத்தாம் இன்னிங்ஸில் டெக்சாஸின் ஜாஷ் ஹாமில்டன் ஹோம்ரன் அடித்து 9-7 ஆக்கினார். மீண்டும் விளிம்பு. பதிலுக்குக் கார்டினல்ஸ் ஓர் ஓட்டம் எடுத்து 9-8 என நெருங்கியது. மீண்டும் இருவர் ஆட்டமிழப்பு. இப்போது மட்டையாளர் லான்ஸ் பெர்க்மன். முந்திய ஆண்டு இவர் காலம் முடிந்துவிட்டது என்று பலராலும் கருதப்பட்ட 35 வயது வீரர். அவருக்கும் இரண்டு ஸ்டிரைக். அவரும் அடித்தார், பந்து மைதானத்தின் நடுப்பகுதியில் விழுந்தது. 9-9. ஒரே இரவில் இரண்டு முறை, ஒரே ஒரு ஸ்டிரைக் தொலைவில், டெக்சாஸின் கிண்ணம் நழுவியது.

பதினோராம் இன்னிங்ஸின் பிற்பாதியில் முதலாவதாக வந்தவர் மீண்டும் பிரீஸ். மூன்று தவறான பந்துகள், இரண்டு ஸ்டிரைக். அடுத்த பந்து நடுச்சுவரைத் தாண்டிப் புல்தரையில் விழுந்தது. 10-9. அந்த ஓர் ஆட்டத்தில் ஐந்து முறை பின்தங்கிய குழு வென்றுவிட்டது. மறுநாள் ஏழாம் ஆட்டத்தில் மூன்றே நாள் ஓய்வுடன் கார்ப்பென்டர் பந்தெறிந்தார். 6-2 என்று வென்று, கார்டினல்ஸ் தன் 11ஆம் உலகத் தொடரைக் கைப்பற்றியது. மூன்று நாள்களுக்குப் பின், அக்டோபர் 31இல், குழுவின் மேலாளர் டோனி லா ரூசா ஓய்வை அறிவித்தார்.

கைவிட்டவர் திரும்பி வந்த வழி

தொடரின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் டேவிட் பிரீஸ். இவருடைய வரலாறு பெற்றோர் அறியவேண்டியது. செயின்ட் லூயிஸின் புறநகரில் வளர்ந்த இவர், பள்ளி இறுதியாண்டில் நாடறிந்த இளம் ஆட்டக்காரர். மிசௌரிப் பல்கலைக்கழகம் உதவித்தொகை அளிக்க முன்வந்தது. பதினெட்டு வயதில், ஆட்டத்தின்மேல் சலிப்புற்று, அதனை மறுத்து மட்டையைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கோடையில் பள்ளி நிர்வாகத்தின் பராமரிப்புப் பிரிவில் கூலிவேலை செய்தார். ஓராண்டுக்குப் பின் உள்ளம் மாறி, உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து மீண்டும் ஆடத்தொடங்கினார். விட்டுச்சென்ற உயரத்திலிருந்து தொடங்கவில்லை; கீழ்ப்படியிலிருந்தே ஏறிவந்தார். பிள்ளை ஓராண்டைத் தவறவிட்டால் வாழ்வே போயிற்று என்று கலங்கும் வீடுகளுக்கு இச்செய்தி ஆறுதலாகட்டும்.

வெற்றி எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மனச்சோர்வும் மதுவும் தம்மை நெடுங்காலம் வாட்டியதைப் பிரீஸ் 2017ஆம் ஆண்டில் வெளிப்படையாகக் கூறினார். ஊர் முழுவதும் கொண்டாடிய மனிதரும் உள்ளே தனித்துப் போராடியிருக்கிறார். 2023இல் கார்டினல்ஸ் குழுவின் புகழ்மன்றத்துக்கு இரசிகர்கள் வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுத்தபோது, அவர் அந்தச் சிறப்பைப் பணிவுடன் மறுத்துவிட்டார். எளிய பந்தைத் தவறவிட்ட இரவிலேயே வரலாறு படைத்தவர், தம்மைத் தாம் அளக்க மற்றவர் தரும் அளவுகோலை ஏற்கவில்லை.

தோற்றவர் கணக்கு

மீண்டவரைப் பாராட்டுவதோடு இத்தகைய கதைகள் வழக்கமாக முடிந்துவிடும். ஆனால் ஒருவர் விளிம்பிலிருந்து மீளும்போது இன்னொருவர் அங்கிருந்து விழுகிறார். அவர் என்ன ஆனார்?

அட்லாண்டா குழு அந்தத் தோல்வியின் நிழலில் பல்லாண்டு நடந்தது. 2021ஆம் ஆண்டில் ஆகஸ்டு மாதம் பிறக்கும்வரை, அக்குழுவின் வெற்றிகள் தோல்விகளை ஒருமுறையும் மிஞ்சவில்லை. பின் எழுந்து, 88 வெற்றிகளுடன் இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்து, நவம்பர் 2ஆம் நாள் உலகத் தொடரை வென்றது. அத்தொடரின் கடைசிப் பந்தை முதல் தளத்தில் நின்று கையுறையில் ஏந்தியவர் யார்? பத்தாண்டுகளுக்கு முன் கடைசிப் பந்தில் தோல்வியைத் தேடித்தந்தவராக மைதானத்தைவிட்டு வெளியேறிய அதே பிரெடி பிரீமேன்.

டெக்சாஸின் காத்திருப்பு இன்னும் நீண்டது, 12 ஆண்டுகள். 2023இல் கடைசி நாளில் பிரிவின் முதலிடத்தை இழந்து, வைல்டு கார்டு வழியாகவே அக்குழு நுழைந்தது. அவ்வாண்டு அதன் கணக்கு 90 வெற்றி, 72 தோல்வி. 2011இல் செயின்ட் லூயிஸ் குழு பெற்றிருந்ததும் அதே 90, அதே 72. இறுதிச் சுற்றுகளில் வெளியூரில் ஆடிய 11 ஆட்டங்களையும் வென்று, முதன்முறையாக உலகத் தொடரைக் கைக்கொண்டது. ஓர் இறுதிப் பருவத்தில் அணிக்கு 21 ஓட்டங்கள் ஈட்டித் தந்தவர் என்று 2011இல் பிரீஸ் படைத்த சாதனையை 22 என மாற்றி எழுதியவர், அந்த டெக்சாஸ் குழுவின் அடோலிஸ் கார்சியா. அவரோ, முன்னர் கார்டினல்ஸ் குழுவில் சிறிது காலம் இருந்து, வேண்டாமென்று விற்கப்பட்டவர்.

நம் வீடுகளுக்கு

பத்தரை ஆட்டங்கள் பின்தங்கிய குழுக்களுள் மிகப்பெரும்பாலானவை மீள்வதில்லை. "முயன்றால் கட்டாயம் வெல்வாய்" என்று பிள்ளைகளிடம் சொல்வது உண்மையன்று; முயன்று தோற்ற அன்று அவர்கள் நம் சொல்லையும் இழந்துவிடுவர். அதற்குப் பதிலாக இந்தக் கணக்கை அவர்களுக்குச் சொல்லலாம்: உன் கையில் பாதி உண்டு, அதனை முழுமையாகச் செய். மற்றப் பாதி உன்னுடையதன்று. அது வரும்போது வரட்டும்.

இனி, வீட்டில் ஒருவர் எளிய பந்தொன்றைத் தவறவிட்டால், அன்றைய ஆட்டம் அத்துடன் முடிந்துவிட்டதுபோல் நாம் நடந்துகொள்ள வேண்டா. ஐந்தாம் இன்னிங்ஸின் பிழைக்காக மேலாளர் பிரீஸை வெளியே அமரவைத்திருந்தால், ஒன்பதாம் இன்னிங்ஸில் மட்டை பிடிக்க அவர் இருந்திருக்கமாட்டார். தவறு செய்த மகனுக்கும், தொழிலில் இழந்த கணவருக்கும், தேர்வில் பின்தங்கிய மகளுக்கும் அடுத்த முறையை வைத்திருப்பது குடும்பத்தின் கடமை.

ஆட்டத்தை முடித்துவைக்கும் கடிகாரம் அந்த மைதானத்தில் இல்லை. நம் வீடுகளிலும் அதனை மாட்டாதிருப்போம்.